கையாலேயே கழன்ற வால்வு

அன்று மூர்த்திக்குப்பம் கொட்டகையில் இருந்தவர்கள்:

ஜெயசித்ரா. ஊர் சோரியாங்குப்பம். வாங்க வந்தவள். தோளில் ஒரு பை, பைக்குள் அவளுடைய ரெகுலேட்டர்.

சம்மந்தம். படகுக்காரர். விற்க இருந்தவர்.

அரிகரன். சம்மந்தத்தின் மச்சான். படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், பெயர் எழுதுபவர்.

இரண்டு பழைய ஸ்கூபா சிலிண்டர்கள். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. இந்தக் கதையில் முடிவெடுக்கும் உரிமை இவற்றுக்கும் இருப்பதால் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

நான். அன்புராஜ். கலைச்செல்வனிடம் இரவல் வாங்கிய லோடு ஆட்டோவை ஓட்டிப் போனவன்.

(கலைச்செல்வன் அங்கே இல்லை. இருந்திருந்தால் கதை ஆறாம் பகுதியைத் தாண்டியிருக்காது.)

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டோ ஓட்டத் தெரிந்த, வேலைக்குப் போகாத ஆள் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். ஜெயசித்ரா வந்து கதவைத் தட்டினாள்.

"டேய் அன்பு, தூங்கனது போதும். கலைச்செல்வன் வண்டிய வாங்கிக்கினு வா. மூர்த்திக்குப்பம் போவணும்."

எனக்குள் ஏதோ பொறி தட்டியது என்று எழுத மாட்டேன். தட்டப்பட்டது கதவு மட்டும்தான்.

முன்பு திருபுவனையில் ஒரே கம்பெனியில் எனக்கு இரவு ஷிப்ட், அவளுக்குப் பகல் ஷிப்ட். காலையில் நான் இறங்கும் பஸ்ஸில் அவள் ஏறுவாள். படிக்கட்டில் பேசிக்கொண்ட பழக்கம். ஒரு நாள் டீ இடைவேளைக்கு வெளியே வந்த நான் உள்ளே திரும்பிப் போகவில்லை. பாலிடெக்னிக்கையும் ஏறக்குறைய இப்படித்தான் விட்டேன். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. பழைய பொருள் வாங்குகிறவர் அது எங்கே அடிபட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கதை வாசிக்கிறவருக்கும் அந்த உரிமை உண்டு. இதை எழுதுகிறவன் எதையும் முடித்துப் பழகாதவன்.

2

மூன்று தொடக்கங்களைக் கொட்டகையிலேயே செல்போனில் தட்டிப் பார்த்தேன்.

முதலாவது: 'கடல் அன்று அமைதியாக இருந்தது.' (தெரியாது. ஆட்டோவைக் கொட்டகையின் பின்பக்கம் நிறுத்தினேன். கடலை நான் பார்க்கவே இல்லை.)

இரண்டாவது: 'மனிதனின் முதல் மூச்சுக்கும் கடைசி மூச்சுக்கும் நடுவே' (நிறுத்திவிட்டேன். இப்படி எழுதுகிறவனைத் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தால் சரியாகிவிடும்.)

மூன்றாவது: 'ஜெயசித்ராவுக்குப் பயம் என்பதே இல்லை.'

இதை அவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள்.

"எனக்கு பயம் இல்லன்னு உன்னாண்ட யாரு சொன்னது?"

"பாத்தா தெரியுதேக்கா."

"இன்னா தெரியுது? மூஞ்சி தெரியுது. உள்ளுக்குள்ள இன்னா ஓடுதுன்னு உனக்குத் தெரியுமா? பாத்ததை எழுது. பாக்காததை எழுதாத."

இந்தக் கதையின் விதி இப்படி வந்தது. விதி போட்டவள் கதாபாத்திரம். நான் ஒப்புக்கொண்டேன், ஏனென்றால் ஆட்டோவுக்குப் பெட்ரோல் போட்டதும் அவள்தான்.

3

கம்பெனிக்கு வருவதற்கு முன் ஜெயசித்ரா புதுச்சேரியில் ஒரு டைவிங் பள்ளியில் இருந்தாள். சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டும் இடம். சிலிண்டர் கழுவத்தான் சேர்ந்தாள். பெண்கள் வந்தால் கூடவே இறங்க ஒரு பெண் வேண்டும் என்று அவளுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளி மூடியபோது, அவள் உபயோகித்த ரெகுலேட்டரை அவளிடமே கொடுத்து அனுப்பினார்கள். கட்டிலுக்கடியில் துணி சுற்றி வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் கயிறு அறுந்து விழுந்தால், வேறு இரண்டு மோட்டார் இறக்கிக் கிணற்றையே இறைப்பார்கள். நல்ல ஊற்றாக இருந்தால் இறைக்க இறைக்க ஏறும். மூச்சடக்கி முங்குகிறவர்களைக் கூப்பிட்டால், அடியில் சேற்றைத் துழாவுவதற்குள் மூச்சு முடிந்துவிடும். முதுகில் சிலிண்டரோடு ஒருத்தி இறங்கினால் நிதானமாகத் துழாவலாம், கயிறு கட்டலாம், மேலே வரலாம். இதைத் தன் தொழிலாக்கிக்கொள்வது என்று ஜெயசித்ரா முடிவு செய்திருந்தாள். கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றாயிற்று. செல்லிப்பட்டு ராமு முதல் வேலையைக் கொடுத்திருந்தார். அவருடைய மோட்டார் கிணற்றுக்கடியில் கிடந்தது. மேலே நாற்று காய்ந்துகொண்டிருந்தது.

ரெகுலேட்டர் இருக்கிறது. கிணறு இருக்கிறது. சிலிண்டர் இல்லை. சிலிண்டர் கிடைக்காவிட்டால் மறுபடி அதே கம்பெனி கேட்டில் போய் நிற்க வேண்டும். தப்பான சிலிண்டர் கிடைத்தால் நிற்கவே முடியாது. கதையில் எது பணயம் என்று வாசகர் தேடி அலைய வேண்டாம் என்பதற்காக இங்கேயே எழுதிவைக்கிறேன்.

4

(அடிக்குறிப்பாகப் போட வேண்டிய பகுதி. கதைக்கு அடி எது என்று எனக்கே தெரியாததால் நடுவில் வைக்கிறேன். இதைத் தாண்டிப் போகாதீர்கள். பிறகு ஓர் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.)

ஸ்கூபா சிலிண்டருக்குள் இருப்பது நாம் மூச்சுவிடும் இதே காற்றுதான். இருநூறு மடங்கு அழுத்தி அடைத்தது. அந்த அழுத்தத்தை வாய் தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது ரெகுலேட்டர். இரண்டும் சேரும் இடம், சிலிண்டரின் தலையில் இருக்கும் வால்வு.

வால்வின் மேல்முனையில் ரெகுலேட்டர் உட்காரும். அதில் இரண்டு வகை. ஒரு வகை ரெகுலேட்டர் வால்வை வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும். மற்றது வால்வுக்குள் திருகி நிற்கும். ஜெயசித்ராவுடையது திருகும் வகை.

வால்வின் கீழ்முனை சிலிண்டரின் கழுத்துக்குள் திருகியிருக்கும். அந்த மரையிலும் இரண்டு அளவு. ஒன்று மில்லிமீட்டர் கணக்கு, மற்றது அங்குலக் கணக்கு. அங்குலக் கழுத்து கொஞ்சம் அகலம். அகலமான வால்வு சின்னக் கழுத்துக்குள் நுழையாது, தப்பு உடனே தெரிந்துவிடும். சின்ன வால்வு அகலமான கழுத்துக்குள் நுழைந்துவிடும். தொளதொளவென்று நிற்கும். ஆனால் நிற்கும்.

அவ்வளவுதான். இனி கொட்டகை.

5

"வாம்மா வா. தா கீது பாரு, ரெண்டும் சிங்கம்" என்றார் சம்மந்தம்.

சிலிண்டர்களை அவர் வாங்கி வருஷங்கள் ஆகின்றன. படகுக்கடியில் சுழலும் காற்றாடியில் வலை சிக்கினால் ஆள் இறக்கி அறுக்க. இப்போது மகன் அரசு படகைப் பார்த்துக்கொள்கிறான். அவன் மூச்சடக்கியே இறங்கிவிடுகிறான்.

நீல சிலிண்டரின் வால்வு கவ்வும் வகை. அதன் கைப்பிடி உப்பில் இறுகித் திரும்பவே இல்லை. சிவப்பின் வால்வு திருகும் வகை. ஜெயசித்ரா பையிலிருந்து ரெகுலேட்டரை எடுத்துத் திருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. கைப்பிடியைத் திறந்து வாயில் வைத்து ஒரு மூச்சு இழுத்தாள். காற்று வந்தது.

"பாத்தியா? உனக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி கீது" என்றார் சம்மந்தம்.

இந்த இடத்தில் வேறு யாராவது எழுதினால் அவள் முகம் மலர்ந்திருக்கும். மலரவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். சிவப்பு சிலிண்டரின் தோளைக் கட்டைவிரலால் தடவினாள். அங்கேதான் முத்திரை குத்தியிருக்கும். எந்த உலோகம், எவ்வளவு அழுத்தம் தாங்கும், எந்த மரை, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று எல்லாம் அந்த இடத்தில் இருக்கும். அவள் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பெயிண்ட்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது பெயிண்ட் அடிப்பார்கள். டப்பாவில் மிஞ்சியதை நங்கூரத்துக்கு அடிப்பார்கள், ஐஸ் பெட்டிக்கு அடிப்பார்கள், கழிப்பறைக் கதவுக்கு அடிப்பார்கள். சிலிண்டர்களும் ஒவ்வொரு வருஷமும் அந்த வரிசையில் நின்றிருக்கின்றன. அதற்குமேல், இரண்டின் தோளிலும் வெள்ளையில் படகின் பெயர்: பச்சைவாழியம்மன் துணை.

"சொரண்டிப் பாக்கணும்ணே" என்றாள்.

"எதை?"

"இந்த பெயிண்ட்டை. நம்பர் அடியில கீது."

சம்மந்தம் எழுந்துவிட்டார். "நம்பர் மேல இன்னா எழுதிக்கீதுன்னு பாத்தியா? படகு பேரு. படகு எங்க கீது தெரியுமா? கடல்ல. எம் புள்ள அதுல கீறான். அவன் தண்ணி மேல நிக்கற நேரத்துல அவன் படகு பேரு மேல கத்தி வைப்பியா நீ?"

"அப்ப படகு வர்ற வரைக்கும் உக்கார்றேன்."

"நாளைக்கித்தான் வரும்."

"சரி. மத்தியானம் இன்னா கொழம்பு?"

அவள் மணலில் உட்கார்ந்தேவிட்டாள். நான் ஆட்டோ சாவியை எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அதுவரை மூலையில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த அரிகரன் சிரித்தார்.

"மச்சான், இந்தப் பொண்ணு போவாது. ஏதாவது வழி பண்ணித்தான் ஆவணும்."

6

அரிகரன் சொன்ன வழி இது. பழைய படகை உடைக்கும்போது, பெயரை முதலில் வேறொன்றில் எழுதுவார்கள். பெயர் அங்கே போய்விடும். அதன் பிறகு பழைய பலகையில் இருப்பது வெறும் பெயிண்ட், சுரண்டலாம். எழுதிய கையேதான் சுரண்ட வேண்டும்.

"எதுல எழுதறது? ஐஸ் பெட்டி?" என்றார் சம்மந்தம்.

"அதுல ஏற்கெனவே கீதே."

"செவுரு?"

"செவுத்துல எழுதனா பேரு ஒரே எடத்துல நின்னுடும். படகும் நின்னுடும். நகர்ற பொருளா வேணும்."

மூன்று பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அந்தப் பக்கம் கலைச்செல்வனின் லோடு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

(நான் கடுமையாக எதிர்த்ததாக முதலில் எழுதியிருந்தேன். ஜெயசித்ரா அடிக்கச் சொன்னாள். நான் உண்மையில் சொன்னது: "சின்னதா எழுதுங்க." அரிகரன் சின்னதாக எழுதவில்லை. பின்கதவின் முழு அகலத்துக்கும் எழுதினார். எழுத்துக்கு நிழல் கூடக் கொடுத்தார்.)

சம்மந்தம் ஆட்டோவைச் சுற்றிவந்து கும்பிட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, ஒரே ஒரு விஷயம். படகு கரைக்கு வர்ற வரைக்கும் வண்டிய ரிவர்ஸ் எடுக்காத."

"ரிவர்ஸ் எடுத்தா இன்னா ஆவும்?"

"எடுக்காதன்னு சொன்னா எடுக்காத."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் யாரோ ஒருவருடைய மகன் கடலில் இருக்கும்போது நம்பிக்கையில்லாததை நிரூபிக்க வேண்டிய அவசரமும் எனக்கில்லை.

7

அரிகரன் பட்டி பூசும் கத்தியால் சுரண்டினார். நீலத்துக்கடியில் பச்சை, அதற்கடியில் மஞ்சள், மறுபடி நீலம். கடைசியில் உலோகம். ஜெயசித்ரா எச்சில் தொட்டுத் துடைத்துப் படித்தாள். நீல சிலிண்டர்: மில்லிமீட்டர் மரை. கடைசிச் சோதனை 2012. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். உடம்பில் நசுங்கல் இல்லை, ஆழமான கீறல் இல்லை.

சிவப்பு: அங்குல மரை.

அவள் சிவப்பின் வால்வைக் குனிந்து பார்த்தாள். கழுத்தை ஒட்டி வால்வின் உடம்பிலேயே அதன் அளவு குத்தியிருந்தது. மில்லிமீட்டர். நேரம் எடுத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு அரிகரனைப் பார்த்தாள்.

"மாமா, இந்த வால்வு இதோடதா?"

"இல்லம்மா. இதோடது நங்கூரம் பட்டு ஒடஞ்சிப் போச்சி. மூணாவதா ஒரு சிலிண்டர் கெடந்துது, அடி துரு புடிச்சி. அதுலருந்து கழட்டி நான்தான் இதுல போட்டேன்."

"ஆடலையா?"

"ஆடுச்சி. நூலு சுத்தி, பெயிண்ட் தடவி இறுக்கனேன். தண்ணிக் கொழாய்க்குப் போடற மாதிரி. ஒரு பொட்டு ஒழுவல தெரியுமா?" அவர் குரலில் பெருமை இருந்தது.

"காத்து புடிச்சீங்களா இதுல?"

"ஏன், எத்தினியோ வாட்டி. அந்த கம்ப்ரசர்காரன் மிஷினு பழசு. பாதிக்கு மேல ஏறாது."

"அந்த மிஷினு பழசா கீறதால நீ உக்காந்து பேசிக்கினு கீற. ஃபுல்லா ஏறியிருந்தா இந்த வால்வு குண்டு மாதிரி கெளம்பியிருக்கும்."

சம்மந்தம் மெதுவாகச் சொன்னார்: "புடிக்கும்போது ஆடாம இருக்க நான்தான் ரெண்டு காலாலயும் கவ்விக்கினு நிப்பேன்."

அவர் தன் கால்களைப் பார்த்தார். பிறகு கால்களுக்கு நடுவில் பார்த்தார்.

"மச்சான், நம்ம குடும்ப வெளக்கே அணைஞ்சிருக்கும் போல" என்றார் அரிகரன்.

முதலில் சிரித்தது சம்மந்தம்தான். ஆனால் அவர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பார்த்ததால் எழுதுகிறேன்.

ஜெயசித்ரா எங்களைச் சுவருக்குப் பின்னால் போகச் சொன்னாள். சிலிண்டரை மணலில் படுக்க வைத்து, தலைக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து கைப்பிடியைத் திறந்தாள். சீறல் வந்தது. சத்தம் முழுவதும் ஓய்ந்த பிறகும் அவள் கைப்பிடியை மூடவில்லை, எங்களைக் கூப்பிடவும் இல்லை. காத்திருந்தாள். கடைசியில் அரிகரனைக் கூப்பிட்டாள்.

"நீயே கழட்டு மாமா."

அரிகரன் பெரிய ஸ்பானரைக் கொண்டுவந்தார். அவள் தலையசைத்தாள். "கையால."

அவர் வால்வைப் பிடித்துத் திருப்பினார். பெயிண்ட் விரிசல் விட்டது. அவ்வளவுதான். நல்ல வால்வைக் கழற்ற நீளமான பிடி வேண்டும், சிலிண்டரை இறுக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். இது ஊறுகாய் ஜாடி மூடி மாதிரி வந்தது. மரையைச் சுற்றி வெள்ளை நூல், சிவப்பு பெயிண்ட்டில் ஊறி, உரித்த கோழிக் கழுத்து போல.

அரிகரன் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். யார் மீதும் பழி சொல்லவில்லை. "குழாய்னு நெனச்சிட்டேன்மா" என்றார்.

8

நிலைமையை ஒரு முறை கூட்டிச் சொல்கிறேன், கணக்கு தவறக்கூடாது. சிவப்பு சிலிண்டரில் அவளுடைய ரெகுலேட்டருக்குப் பொருந்தும் வால்வு இருந்தது. ஆனால் வால்வுக்கும் சிலிண்டருக்கும் பொருத்தமில்லை. நீலம் நல்லதாகத் தெரிந்தது, அதன் வால்வு செத்துவிட்டது. சிவப்பின் வால்வும் நீலத்தின் கழுத்தும் ஒரே அளவு, மில்லிமீட்டர். நீலத்தின் செத்த வால்வைச் சோதனைக்கூடத்தில் கழற்றிவிட்டு, சிவப்பின் வால்வைச் சுத்தம் செய்து அதில் போட்டால் ஒரு சிலிண்டர் தேறலாம். இரண்டு வாங்க வந்தவளுக்கு ஒன்று. அதுவும் தேறினால்.

(நீலத்துக்குக் கவ்வும் வால்வே புதிதாகப் போட்டு, ரெகுலேட்டருக்கு நடுவில் ஒரு இணைப்பு வாங்கி மாட்டலாமே என்று கேட்டேன். "கெணத்துக்குள்ள ஒழுவறதுக்கு இன்னும் ஒரு எடம் பண்ணித் தரச் சொல்றியா?" என்றாள்.)

நீலத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். தேறாவிட்டால் திருப்பிக்கொண்டு வரக்கூடாது என்றார் சம்மந்தம். சரி என்றாள். ஆனால் ஆட்டோவில் ஏறவில்லை.

"அந்த செவப்புல ஒரு ஓட்டை போடுங்க."

"எதுக்கு? கொட்டகையில ஒரு மூலையில கெடக்கும். தூணுக்கு முட்டு குடுப்பேன்."

"நாளைக்கி ஒருத்தன் வருவான். நீங்க இல்லாதப்ப வருவான். அரசு எடுத்துக் குடுப்பான், அவனுக்கு இன்னா தெரியும்? ஓட்டை போட்டாத்தான் நான் கெளம்புவேன்."

அரிகரனே டிரில்லிங் மெஷினை எடுத்துவந்தார். அலுமினியத் துருவல் சுருள் சுருளாக மணலில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த சம்மந்தம், "கொழம்பு மத்தி. சாப்ட்டுப் போ" என்றார்.

ஆட்டோவில் எழுதிய பெயிண்ட் கையில் ஒட்டாமல் காயும்வரை இருந்தோம். அந்த நேரத்தில் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: அரிகரன் எதையும் சொல்லாமல் விடுகிறார். புது மெஷின் இருக்கும் இடத்தில் சிவப்பில் காற்று ஏற்றுகிறார்கள். வால்வு கூரையைப் பிய்த்துக்கொண்டு

"அரிகரன் மாமாவ ஏன்டா சாவடிக்கிற?" என்றாள், வாயில் மத்திச் சோற்றோடு.

"கதைக்கு ஒரு வேகம் வேணுமேக்கா."

"அவர் செத்தா மாசி மகத்துக்கு இந்த ஊர்ல ஒரு படகுக்கும் பேரு இருக்காது. அடி அதை."

முடிவு இரண்டு: ஜெயசித்ரா கிணற்றுக்குள் இறங்குகிறாள். கயிறு என் கையில். கயிறு அசைவது நின்று

"என்னையும் போட்டுட்டியா?"

"இல்ல, நிக்குது. அவ்ளோதான். என்ன ஆச்சுன்னு சொல்லல."

"கயித்த நீ புடிச்சினு நிக்கப் போறியா முதல்ல? பாதியில டீ குடிக்கப் போவ மாட்டியே?"

அந்த முடிவையும் அடித்தேன்.

முடிவு மூன்று: சம்மந்தம் கண்கலங்கி நீல சிலிண்டரைச் சும்மா கொடுக்கிறார். இதை அவள் படிக்கவில்லை, சம்மந்தத்துக்கு நானே படித்துக் காட்டினேன். "எவன் சொன்னான்?" என்று அவர் கை கழுவாமலே எழுந்துவிட்டார்.

9

வில்லியனூரைத் தாண்டும்போது ராமு போன் செய்தார். ஜெயசித்ரா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா, சிலிண்டர் கெடச்சிதா?"

"ஒண்ணு கெடச்சிக்கீது. டெஸ்ட்டுக்குப் போறேன்."

"டெஸ்ட்டா? நாத்து கருவுது எனக்கு. எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் கம்ப்ரசர் வச்சிக்கீறான், அவன் தேதியெல்லாம் கேக்க மாட்டான். காத்தப் புடிச்சிக்கினு நேரா வந்துடு."

"அண்ணே, உள்ள ஒரு மோட்டார் கெடக்குது. கூட நானும் கெடக்கணுமா?"

"அப்படி சொல்லல..."

"தேறுச்சின்னா காத்துப் புடிச்சி விடிஞ்சதும் வந்து எறங்கறேன். தேறலன்னா நானே போன் பண்ணி இறைக்கச் சொல்லிடறேன். உங்க நாத்த வச்சி எனக்கு அவசரம் குடுக்காதீங்க."

அவர் போனை வைத்துவிட்டார். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். காலுக்கிடையில் நீல சிலிண்டர், மடியில் துணி சுற்றிய வால்வு. திருபுவனை நெருங்க நெருங்க கம்பெனி பஸ்கள் எதிரே வந்தன. ஷிப்ட் விட்ட நேரம். ஒரு பஸ்ஸிலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அவள் கை காட்டினாள்.

"பயமா கீதாக்கா?" என்றேன்.

"கீது. இப்ப எழுதிக்க."

10

தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் அந்தச் சோதனைக்கூடம். தண்ணீர் நிரப்பி, சிலிண்டர் சாதாரணமாகத் தாங்க வேண்டியதற்கு மேல் அழுத்தம் கொடுத்து, அது எவ்வளவு உப்புகிறது, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். திரும்பினால் புதுத் தேதி குத்துவார்கள். திரும்பாவிட்டால், வேறு யாரும் ஏமாறாதபடி கழுத்து மரையை அறுத்துத்தான் கையில் தருவார்கள்.

கேட்டில் வாட்ச்மேன் கை காட்டினார். "வண்டிய ரிவர்ஸ்ல உள்ள வுடு. லோடு எறக்கற வண்டிங்க அப்படித்தான் வரணும்."

நான் ஜெயசித்ராவைப் பார்த்தேன்.

"ரிவர்ஸ் வராதுண்ணா" என்றாள்.

"கியர் போச்சா?"

"கியர் நல்லாத்தான் கீது. படகு இன்னும் கரைக்கு வரல."

வாட்ச்மேன் ஆட்டோவின் பின்னால் போய் எழுதியிருந்ததைப் படித்தார். திரும்பி வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு நான் எதையும் விளக்கவில்லை. ஜெயசித்ரா இறங்கி நீல சிலிண்டரைத் தோளில் தூக்கினாள். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. வால்வை மட்டும் என்னிடம் தந்தாள். இருவரும் நடந்து உள்ளே போனோம்.

சோதனை அறைக் கதவில் நின்ற சுபாஷ் என்பவர் சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார், கழுத்தைச் சுற்றி விளக்கடித்துப் பார்த்தார், முகத்தில் எதையும் காட்டவில்லை. வால்வை என்னிடமிருந்து வாங்கி, மரையில் ஒட்டியிருந்த நூலை நகத்தால் பிய்த்தார்.

"யார் வேலை இது?"

"ஒரு நல்ல மனுஷரோடது" என்றாள் ஜெயசித்ரா. "மரை கெட்டுப் போச்சா பாருங்க. ரெண்டுல எது தேறலன்னாலும் நேரா சொல்லிடுங்க."

"சொல்லத்தான் போறேன். பொருள் யாரோடது?"

"என்னோடது."

"அப்ப நீங்க மட்டும் வாங்க. கண்ணாடிக்குப் பின்னால நின்னு அழுத்தம் காட்டற முள்ளைப் பாக்கலாம். அவரு யாரு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எழுதறவன்."

"எழுதறவங்க வெளிய நிக்கலாம்."

இந்த இடத்துக்கு மேல் எப்படி எழுதுவது என்று பிறகு அவளிடமே கேட்டேன். முள் எங்கே நின்றது, சுபாஷ் என்ன சொன்னார், எல்லாம் அவளுக்குத் தெரியும், என்னிடம் சொல்லியும் இருக்கிறாள். ஆனால் எழுதக் கூடாது என்றாள். "நீ அந்த ரூமுக்குள்ள இல்ல. படிக்கறவனும் இல்ல. ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க." எனவே உங்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: சுத்தமாகத் தெரிந்த ஒரு சிலிண்டர், நூலில் நின்ற ஒரு வால்வு, விடியலுக்குக் காத்திருக்கும் ஒரு கிணறு. தேறியதா என்று நீங்கள் சொல்லுங்கள். சொல்வதற்கு முன், அதை முதுகில் மாட்டி நீங்களே இறங்குவீர்களா என்று ஒரு முறை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நான் கேட்டுக்கு வெளியே போகவில்லை. டீக்கடை எதிரிலேயே இருந்தது. அங்கேயும் போகவில்லை. இதையும் அவள் எழுதச் சொன்னாள்.

ஜெயசித்ரா சிலிண்டரைத் தோள் மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். சுபாஷ் அவளுக்குப் பின்னால் இரும்புக் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினார்.